பெட்டிமேல் வெள்ளை வண்டி, உள்ளே சிவப்பு வண்டி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
பொருள்: 1/24 அளவு டெஸ்டரோசா மாடல் கிட்டை மாற்றித் தருவது குறித்து

ஐயா,

உங்கள் இணையக் கடையில் 'மயாமி வைஸ்' என்ற 1980-களின் அமெரிக்கப் போலீஸ் டிவி தொடரில் வரும் ஃபெராரி டெஸ்டரோசா காரின், பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கிட் ஒன்றை வாங்கினேன். பெட்டிமேல் வெள்ளை வண்டியின் படம். பக்கவாட்டில் 'வெள்ளை பிளாஸ்டிக்கில் வார்த்தது' என்று அச்சிட்டும் இருக்கிறது. திறந்து பார்த்தால் தக்காளிச் சிவப்பில் பாடி!

போன் செய்தபோது உங்கள் ஊழியர், "வெள்ளை பெயின்ட் அடிச்சா சரியாயிடும், அங்கிள்" என்றார். சிவப்பு பிளாஸ்டிக்மேல் வெள்ளை அடித்துப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் பெயின்ட்டுக்குள் ஊறி மேலே வந்துவிடும். பானெட்டின் உள்பக்கம் கொஞ்சம் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் ரோஸ் கலர். சாயம் ஏறாமல் தடுக்க முதலில் சில்வர், அதன்மேல் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம்தான் வெள்ளை. இத்தனை கோட் ஏறினால் பக்கவாட்டுப் பட்டைகள் என்ன ஆகும்? கதவில் தொடங்கிப் பின்சக்கரம்வரை வரிவரியாக ஓடும் அந்தப் பட்டைகள்தான் டெஸ்டரோசாவின் அழகே. பின்னால் இருக்கும் ரேடியேட்டர்களுக்குக் காற்று போகிற வழியும் அதுதான். இந்த அளவு மாடலில் பட்டைகளுக்கு நடுவே குண்டூசி முனைதான் நுழையும். பெயின்ட் தேங்கி அடைத்துக்கொள்ளும். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் ஒரு கோட் ஒழுங்காகக் காய்வதே பெரும்பாடு, அது வேறு கதை.

"நிறம்தானே" என்றும் அவர் சொன்னார். தொடரில் முதலில் ஓடிய கறுப்பு டேடோனா ஸ்பைடர் அசல் ஃபெராரியே அல்ல, கார்வெட் என்ற அமெரிக்கக் காரின் சேஸிஸ்மேல் கட்டிய நகல். ஃபெராரி கம்பெனி வழக்குக்குப் போனது. 1986-இல் மூன்றாம் சீசன் தொடங்கியதுமே கதையில் அந்த வண்டியை வெடிக்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஃபெராரியே கொடுத்த டெஸ்டரோசாக்களும் கறுப்பாகத்தான் வந்தன. இரவுக் காட்சிகளில் எடுபடவில்லை என்று வெள்ளை அடித்தார்கள். வெள்ளை இல்லையென்றால் அது அந்த வண்டியே இல்லை.

சக்கரமும் தப்பு. 1986 வண்டியின் சக்கரத்தில் நடுவே ஒரே ஒரு நட்டுதான். கிட்டில் இருப்பவை 1988-இல் வந்த ஐந்து போல்ட் சக்கரங்கள். நம்பர் பிளேட் ஸ்டிக்கரும் இல்லை. சாதாரண டெஸ்டரோசா கிட்டைத் தொடரின் பெட்டிக்குள் போட்டு, அதே கடையில் விற்கும் சாதாரண கிட்டைவிட 300 ரேண்ட் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொடர்மேல் ஒரு பைத்தியம் உண்டு. தென்னாப்பிரிக்க அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. அதை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் டப் செய்து போடும். நாங்கள் டிவி சத்தத்தை அடைத்துவிட்டு, அதே நேரத்தில் ரேடியோ 2000-இல் வரும் மூல ஆங்கில வசனத்தைக் கேட்டுக்கொண்டே பார்ப்போம். அப்படிப் பார்த்தவனிடம் சிவப்பு வண்டியை நீட்டி "இதுதான் அது" என்றால் எப்படி ஒத்துக்கொள்வான்?

"திறந்த கிட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்பது உங்கள் கடை விதியாம். திறக்காமல் உள்ளே என்ன நிறம் என்று எப்படித் தெரியும்? 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். குறையுள்ள பொருளை, கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பி அனுப்பலாம் என்று 56-ஆம் பிரிவு சொல்கிறது. கடை விதி சட்டத்துக்கு மேலா?

வெள்ளை பாடியும் ஒற்றை நட்டுச் சக்கரங்களும் உள்ள சரியான கிட் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் கூரியர் கட்டணம் உட்பட முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். தள்ளுபடி கூப்பன் வேண்டாம். பானெட்டைத் தவிர எந்தப் பாகத்தையும், பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிரேமிலிருந்து வெட்டவில்லை. படங்களும் ரசீதும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்