ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: பழைய மெஷினுக்கு லினக்ஸ்சிஎன்சி மாட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் நாலு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு பம்பு உதிரிகளுக்கு ஜாப் வொர்க் செய்யும் சின்னப் பட்டறைக்காரன் எழுதுகிறேன். கண்ட்ரோலர் செத்து, பழைய இரும்புக்குப் போக வேண்டிய என் மில்லிங்கை, கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் இலவச மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி போட்டு ஓடவைத்தவர் உங்களில் ஒருவர்தான். பெயர் வேண்டாம். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால்தான் மூன்று வாரம் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. மெஷினை ஒப்படைக்கும்போது, உள்ளே என்னென்ன செட்டிங் வைத்தீர்கள் என்று ஒரு பக்கம், தமிழில், எழுதிக் கொடுங்கள்.

எங்கள் டேபிளில் பம்பு கவரைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் நிரந்தரமாக போல்ட் போட்டு நிற்கிறது. அதன் பூஜ்ஜியம், அதாவது அளவு தொடங்கும் இடம், ஜி54-இல் இருக்கிறது. ஜி54, ஜி55 என்பவை ஒவ்வொரு ஜாப்புக்கும் பூஜ்ஜியத்தைத் தனித்தனியாக வைக்கும் இடங்கள். எட்டு மாதமாக யாரும் கை வைத்ததில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை வெளியாள் ஒருவர் அவசர ஜாப் கொண்டுவந்தார். ப்ரோகிராமும் அவருடையதே. அமெரிக்க டிராயிங், எல்லாமே இஞ்ச். மெஷின் ஓட்டுகிற தம்பி விவரமானவன். நம்ம ஜி54 கலையக் கூடாதென்று ஜி55-க்கு மாறி, ஜாப் மேல் அரை இஞ்ச் பிளாக்கை வைத்து, டூலை அதில் தொடவிட்டு அங்கே பூஜ்ஜியம் போட்டான். ப்ரோகிராமின் தலையில் ‘ஜி92 இசட்0.5’ என்று ஒரு வரி. டூல் நிற்கிற இடத்தை அரை இஞ்ச் என்று வைத்துக்கொள் என்பது அதன் அர்த்தம். பாதியில் அதிர்வு அதிகமாகவே நிறுத்திவிட்டோம். அவர் ஜாப்பைக் கழற்றிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரை முறையாக மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கள் காலை ஹோமிங் (மெஷின் தன் ஆரம்ப இடத்தைக் கண்டுகொள்வது) முடிந்து வழக்கமான ப்ரோகிராம். காஸ்டிங்குக்கு ஐந்து மில்லிமீட்டர் மேலே வந்து நிற்க வேண்டிய டூல், அதே வேகத்தில் காஸ்டிங்குக்குள் இறங்கியது. 12 எம்.எம். கார்பைடு எண்ட் மில் போனது. ஃபிக்ஸ்சரின் லொக்கேட்டிங் பின் வளைந்தது.

எண்ட் மில் போனதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அது தொழிலில் சகஜம்.

“நான் ஜி55-லதான் வெச்சேங்ணா, ஜி54-ஐ தொடவே இல்லீங்ணா” என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். நான் நம்பவில்லை. சனிக்கிழமை மெஷினைக் கடைசியாகத் தொட்டவன் அவன். வேறு யாரைச் சொல்வது? நாலு பேர் பார்க்க, சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு, டிஃபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் போய்விட்டான். அந்த டிஃபன் பாக்ஸ் ஒன்பது நாள் சர்ஃபேஸ் பிளேட் பக்கத்திலேயே இருந்தது.

உங்களவருக்குப் போன் போட்டேன். உடனே வந்தார், அதையும் சொல்ல வேண்டும். “ஹோம் ஸ்விட்ச் தள்ளிடுச்சுங்க” என்று ஸ்விட்சை மாற்றினார். மாற்றியும் அதே வித்தியாசம் வரவே, ஜி54-ஐ மறுபடி டச் ஆஃப் செய்து (டூலைத் தொடவிட்டுப் பூஜ்ஜியம் போட்டு), “இப்பப் பாருங்க, சரியாயிடுச்சு” என்றார். ஓட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஸ்விட்சுக்கும் வந்து போனதற்கும் 2,800 ரூபாய்.

நாலு நாள் கழித்து, வேறொரு ப்ரோகிராமை ஓட்டியபின் அதே ஃபிக்ஸ்சரில் டூல் காற்றை வெட்டியது. அளந்தேன். 12.7 எம்.எம். மேலே. திங்கட்கிழமை நிற்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு கூடுதலாக இறங்கியது என்றும் அளந்து வைத்திருந்தேன். அதுவும் 12.7. அதாவது அரை இஞ்ச். எங்கள் பேச்சில் நாலு நூல். எம்.எம்மில் ஓடுகிற மெஷினுக்குள் நாலு நூல் எங்கிருந்து வந்தது? அதுவும் தம்பி இல்லாதபோது?

இரவு உட்கார்ந்து ஆங்கில மேனுவலை மகள் படித்துச் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஜி92 என்பது ஜி54, ஜி55 என்று பார்ப்பதில்லை. ஜி59.3 வரை ஒன்பதையும் சேர்த்து நகர்த்தும். நடுவில் நிறுத்திய ப்ரோகிராமோடு அது போகாது. கம்ப்யூட்டரை அணைத்தாலும், பூஜ்ஜியங்களைச் சேமித்து வைக்கும் வார் கோப்பில் உட்கார்ந்திருந்து மறுநாள் வரும். அது உயிரோடு இருக்கும்போதே உங்களவர் டச் ஆஃப் செய்ததில், தப்பு ஜி54-க்குள் ஒளிந்துகொண்டது. பிறகு ஓட்டிய ப்ரோகிராமின் தலையில் ‘ஜி92.1’ இருந்தது. ஜி92-ஐ அது துடைத்துவிட, ஒளிந்திருந்த நாலு நூல் வெளியே வந்தது.

இது மேனுவலில் இருக்கிறது. ஸ்க்ரீனிலும் ஜி92 எவ்வளவு என்று காட்ட வழி இருக்கிறது. எங்கள் ஸ்க்ரீனில் அந்த இடத்தில் உங்கள் கம்பெனி லோகோ இருக்கிறது. நல்ல கலர்.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், மன்னியுங்கள். இந்த மென்பொருள் அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வகத்தில் இ.எம்.சி. என்று பிறந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விடப்பட்டது. 2011-இல் லினக்ஸ்சிஎன்சி என்று பேர் மாறியது. முகம் தெரியாத யார் யாரோ கூலி வாங்காமல் அதை வளர்த்து, மேனுவலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கூலி வாங்குகிறீர்கள். வாங்குங்கள், உழைப்புக்குக் காசு. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கம் சும்மா எழுதியவர்கள் அங்கே இருக்க, காசு வாங்கியவரிடம் ஒரு பக்கம் கேட்பது பேராசையா?

அந்தப் பக்கத்தில் என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். மெஷினின் செட்டிங் இருக்கும் ஐ.என்.ஐ. கோப்பில் லீனியர் யூனிட்ஸ் எம்.எம்மா இஞ்சா. ஸ்கேல், அதாவது ஒரு யூனிட் நகர மோட்டாருக்கு எத்தனை பல்ஸ், எவ்வளவு, ஏன். ஐந்து எம்.எம். பிட்ச் ஸ்க்ரூவுக்கு ஒரு சுற்றுக்கு 2,000 பல்ஸ் என்றால் 400 வர வேண்டும். 10,160 இருந்தால் அது இஞ்ச் கணக்கு என்று எங்களுக்கும் தெரியட்டும். யூனிட்டை மாற்றினால் வார் கோப்பிலும் டூல் டேபிளிலும் உள்ள பழைய எண்கள் தாமாக மாறாது என்று ஒரு வரி. ப்ரோகிராமை முடிக்கும் எம்30 வந்தால் ஜி54-க்குத் திரும்பும், ஆனால் ஜி20-இலிருந்து (இஞ்ச்) ஜி21-க்கு (எம்.எம்.) திரும்பாது, அதனால் ஒவ்வொரு ப்ரோகிராமின் தலையிலும் ஜி21 எழுதுங்கள் என்று ஒரு வரி. ஜி92-க்கு ஒரு வரி, பெரிய எழுத்தில். ‘டிஸேபிள் ஜி92 பெர்சிஸ்டென்ஸ்’ என்று ஐ.என்.ஐ. கோப்பில் ஒரு வசதி உண்டாம். அதைப் போட்டால் அணைத்து எழுப்பும்போது பழைய ஜி92 ஒட்டிக்கொண்டு வராது. போட்டீர்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அவ்வளவுதான். லேமினேஷன் செலவு என்னுடையது.

அன்னூருக்கு பைக்கில் போய், தம்பியின் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டு அவனைக் கூட்டிவந்தேன். வேலைக்கு வருகிறான். முன்போல் பேசுவதில்லை. ஜி55 என்று நான் சொன்னால் நிமிர்ந்து ஒருமுறை பார்க்கிறான்.

தயவுசெய்து அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுங்கள். எனக்கு மட்டுமல்ல, நீங்கள் மாட்டிக் கொடுத்த ஒவ்வொரு பட்டறைக்கும். கழற்றிய ஹோம் ஸ்விட்ச் இங்கேதான் இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. பக்கத்தைக் கொண்டுவரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு பட்டறைக்காரன்