முடிவு சரி, வாசகம்தான் பிழை: சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

புளூட்டோவைத் திருப்பித் தரும்படி கேட்டு உங்களுக்கு ஏராளமான கடிதங்கள் வந்திருக்கும். இது அந்த வகை அன்று. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கி நீங்கள் எடுத்த முடிவோடு எனக்குப் பிணக்கு இல்லை. புளூட்டோ, நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் பனிப் பொருள்களின் கூட்டமான கைப்பர் பட்டையைச் சேர்ந்தது. அதை நெப்டியூனுக்கு அடுத்து வரிசையில் நிறுத்தியதுதான் பழைய பிழை. என் வழக்கெல்லாம் அந்த முடிவை எழுதிவைத்த வாசகத்தின் மீதுதான். அத்தனை வல்லுநர்கள் கூடி எழுதிய வரையறை இத்தனை ஓட்டையோடு இத்தனை ஆண்டுகள் நீடிப்பது உங்களுக்கு அழகில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். வானியலைத் தமிழில் எழுதிவருகிறவன், அவ்வளவுதான். ஆனால் 1979 முதல் 1982 வரை உங்கள் ஒன்றியத்தின் தலைவராக இருந்த வைணு பாப்பு, எங்கள் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர். அந்த உறவை முன்வைத்துக் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

கோள் பட்டியலிலிருந்து ஒன்றை நீக்குவது புதிய காரியம் இல்லை. 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் ஜுசெப்பே பியாட்சி சீரஸைக் கண்டார். அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் பல்லஸ், ஜூனோ, வெஸ்டா என்று மூன்று வந்து சேர்ந்தன. நான்கும் பல பத்தாண்டுகள் கோள்களாகவே எண்ணப்பட்டன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் மேலும் மேலும் கிடைக்கத் தொடங்கியதும், 1850-களில் அவை சத்தமில்லாமல் சிறுகோள்களாகிவிட்டன. யாரும் கை தூக்கி வாக்களிக்கவில்லை. புளூட்டோவின் கதையும் அதே வழியில்தான் போனது. 1930-இல் கிளைட் டோம்பா கண்டுபிடித்தபோது அது தனியாள். 1992-இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொன்றைப் பிடித்தார்கள். பிறகு வரிசையாக வந்தன. 2005-இல் மைக் பிரவுன் குழுவினர் ஏரிஸை அறிவித்தபோது, அது புளூட்டோவைவிடப் பெரியது என்றே கருதப்பட்டது. (விட்டத்தில் புளூட்டோ ஒரு நூலளவு பெரியது என்று இப்போது தெரியும், நிறையில் ஏரிஸ்தான் கால் பங்குக்கு மேல் அதிகம்.) ஏரிஸுக்கு ஒரு நீதி, புளூட்டோவுக்கு ஒரு நீதி என்று வைக்க முடியாத நிலை வந்தது. அதனால்தான் நீங்கள் வரையறை எழுத உட்கார்ந்தீர்கள்.

உட்கார்ந்தது சரி. எழுந்த விதம்தான் சரியில்லை. ஆகஸ்ட் 16 அன்று வெளிவந்த வரைவில் கோள்கள் பன்னிரண்டு: சீரஸ் உண்டு, ஏரிஸ் உண்டு, புளூட்டோவின் துணையான சாரன்கூட உண்டு. எட்டே நாளில் அது தலைகீழாகி, எட்டுக் கோள் என்று முடிந்தது. ஒன்றியத்தின் பேரவை முடியும் தறுவாய் அது. மேடையில் வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல் ஒரு குடையை விரித்துப் பிடித்திருந்தார். அதன் கீழே ஒரு பலூனும் ஒரு நாய்க்குட்டி பொம்மையும்: செவ்வியல் கோள்கள் எனப்பட்ட எட்டும், புளூட்டோ போன்ற குறுங்கோள்களும் ‘கோள்’ என்ற ஒரே குடைக்குள் வரலாமா என்பதை அப்படி விளக்கினார். அரங்கத்தில் மஞ்சள் அட்டைகள் உயர்ந்தன. குடைக்குள் குறுங்கோளுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. அப்போது ஒன்றியத்தின் உறுப்பினர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அரங்கில் வாக்களிக்க இருந்தவர்கள் 424 பேர். பெட்டியோடு விமான நிலையம் போய்விட்டவர்களுக்குக் குரல் இல்லை. ஒரு வாரத்துக்குள் 300-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இந்த வரையறையைப் பயன்படுத்த மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள்.

இனி வாசகத்துக்கு வருகிறேன். கோள் என்பது சூரியனைச் சுற்ற வேண்டும்; தன் ஈர்ப்பாலேயே சமநிலை எட்டி ஏறத்தாழ உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும்; தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்று நிபந்தனைகள்.

முதல் நிபந்தனையிலேயே இடறுகிறது. ‘சூரியனை’ என்று எழுதியதால், 51 பெகாசி விண்மீனைச் சுற்றுவதாக 1995-இல் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் கண்டறிந்தது உங்கள் வாசகப்படி கோளே இல்லை. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புறக்கோள்கள் இன்று பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியே ஒரு நடைமுறை வரையறை வைத்திருக்கிறோம் என்பீர்கள். வைத்திருக்கிறீர்கள், நானும் படித்தேன். உங்கள் பணிக்குழு 2003-இல் எழுதியது, 2018-இல் திருத்தப்பட்டது. மேல் வரம்பு தெளிவாக இருக்கிறது: வியாழனைப்போல் 13 மடங்கு நிறை. கீழ் வரம்பு? நம் சூரியக் குடும்பத்தில் கையாளும் அளவே அங்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி என்று சூரியக் குடும்பத்து வரையறைக்குத் திரும்பி வந்து தேடினால், அங்கே எண்ணே இல்லை. நிறை எவ்வளவு என்று இல்லை, விட்டம் எவ்வளவு என்று இல்லை. ஒரு வாசல் இன்னொன்றைக் கை காட்டுகிறது, அந்த வாசலில் வீடே இல்லை. ஒரு விண்மீனைச் சுற்றும் சிறு பொருள் கோளா இல்லையா என்று இன்று யாராவது கேட்டால், உங்கள் இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படித்தாலும் பதில் கிடைக்காது.

இரண்டாவது நிபந்தனை, உருண்டை வடிவம். பல ஒளியாண்டு தொலைவில் இருப்பதன் உருண்டையை யார் அளப்பது? இங்கேயே சிக்கல்தான்: புதனின் வடிவம் அதன் இன்றைய சுழற்சிக்கேற்ற சமநிலையில் இல்லை என்பது அளந்து கண்டது. எழுத்துக்கு எழுத்து பிடித்தால் புதனையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். அதோடு, வானியலாளர் ஜான்-லூக் மார்கோ காட்டியிருப்பதுபோல், மூன்றாவது நிபந்தனையில் தேறும் எதுவும் உருண்டையாகவே இருக்கும். அப்படியானால் இரண்டாவது எதற்கு?

மூன்றாவதைத்தான் உலகமே கேலி செய்கிறது. வியாழனின் பாதையில் ஆயிரக்கணக்கான ட்ரோஜன் சிறுகோள்கள் இருக்கின்றனவே, வியாழன் எதைத் துப்புரவாக்கியது என்பது வழக்கமான கேள்வி. இங்கே நான் உங்கள் கட்சி. அந்த ட்ரோஜன்களை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பதே வியாழனின் ஈர்ப்புதான்; புளூட்டோவோ நெப்டியூனின் தாளத்துக்கு ஆடுகிறது, நெப்டியூன் மூன்று சுற்றுப் போகும் நேரத்தில் அது இரண்டு சுற்று. யார் ஆள்கிறார், யார் ஆளப்படுகிறார் என்பதுதான் கேள்வி, அது நல்ல கேள்வி. வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் 2006-இலேயே இதை எண்ணாக்கிக் காட்டினார். தன் பாதைப் பகுதியில் உள்ள மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையைப்போல் பூமி ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு. புளூட்டோவோ தன் பாதைப் பகுதியில் உள்ள மற்றவற்றின் நிறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எட்டுக் கோள்களுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் பல்லாயிரம் மடங்கு வெற்றிடம். இயற்கையே கோடு போட்டுத் தந்திருக்கிறது! அதை எடுத்து எழுதாமல், ‘துப்புரவாக்கியிருக்க வேண்டும்’ என்ற மொட்டை வாக்கியத்தை வைத்துவிட்டு, ஐயம் வரக்கூடாதென்று எட்டுப் பெயர்களையும் அடிக்குறிப்பில் பட்டியலிட்டீர்கள். பெயரைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டுமென்றால் அது வரையறை இல்லை, வருகைப் பதிவேடு.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலை 14 அன்று நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்களில் புளூட்டோவின் நைட்ரஜன் பனிச் சமவெளி தெரிந்தது. அடியிலிருந்து வெப்பம் மேலெழ, பனி மெல்லப் புரண்டுகொண்டிருக்கும் பலகோணக் கட்டங்கள். அதன் ஓரத்தில் தண்ணீர்ப் பனியாலான, மூவாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைகள். நிலவியலாளர் ஒருவருக்கு இதைக் கோள் என்று அழைக்கக் கை துறுதுறுக்கும். அந்தப் பயணத்தை நடத்திய ஆலன் ஸ்டெர்னும் கர்பி ரன்யனும் மற்றவர்களும் 2017-இல் முன்வைத்த யோசனைப்படி, விண்மீனைவிடச் சிறிய உருண்டைப் பொருள் எல்லாமே கோள். நம் நிலாவும் கோள். கணக்கு நூறைத் தாண்டும். அவர்கள் ஆய்வுக்கு அது உதவும் என்றால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எது எதைச் சுற்றுகிறது என்பதையே சொல்லாத ஒரு பிரிப்பு, சூரியக் குடும்பம் எப்படி அமைந்தது என்று விளக்க வேண்டியவருக்குப் பயன்படாது. அரிசோனா சட்டமன்றம் 2024-இல் புளூட்டோவை மாநிலக் கோளாக்கியது. அது வேறு கணக்கு, தேர்தல் கணக்கு.

அந்தரத்தில் தொங்கும் இன்னொன்றும் இருக்கிறது. எல்லையோரப் பொருள்கள் குறுங்கோளா இல்லையா என்று முடிவு செய்ய ஒரு நடைமுறை ஏற்படுத்தப்படும் என்று அதே தீர்மானத்தின் அடிக்குறிப்பில் எழுதினீர்கள். குறுங்கோள் என்று ஏற்கப்பட்டவை சீரஸ், புளூட்டோ, ஏரிஸ், 2008-இல் மேக்மேக், ஹௌமியா. அதோடு நின்றது. குவாவார், செட்னா, கோங்கோங் எல்லாம் வெளியே வரிசையில் நிற்கின்றன.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ‘சூரியனை’ என்பதை எடுத்துவிட்டு ‘விண்மீனை, அல்லது விண்மீன் எச்சத்தை’ (எரிந்து அடங்கிய விண்மீனின் மிச்சத்தை) என்று எழுதுங்கள். உருண்டை நிபந்தனையை நீக்குங்கள். துப்புரவை எண்ணாக்குங்கள். மார்கோ, பிரெட் கிளாட்மேன், டோனி யாங் மூவரும் 2024-இல் வெளியிட்ட முன்மொழிவில் கீழ் வரம்பு 10-இன் 23-ஆம் அடுக்கு கிலோகிராம், அதாவது புதனின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எட்டும் உள்ளே நிற்கும், புளூட்டோ வெளியே நிற்கும், புறக்கோள்களுக்கும் அதே அளவுகோல். நிறை மட்டும் போதுமா, பாதையின் தொலைவும் கணக்கில் வர வேண்டுமா என்று வாதாட இடமுண்டு. புதனைக் கொண்டுபோய்ப் புளூட்டோவின் தொலைவில் வைத்தால் அது துப்புரவுத் தேர்வில் தேறுவது சந்தேகமே. அந்த வாதத்தை எண்களை வைத்து நடத்துங்கள். அதே 2024-இல் கேப் டவுனில் பேரவை கூடியது. வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

அடுத்த பேரவை 2027 ஆகஸ்டில் ரோமில் கூடுகிறது. வரைவை எட்டு நாளைக்கு முன் நீட்டாமல் ஓராண்டு முன்பே உறுப்பினர் அனைவருக்கும் அனுப்புங்கள். ரோமில் விவாதியுங்கள், வாக்கெடுப்பை மட்டும் அரங்கத்தில் வைக்காதீர்கள். 2018-இல், பிரபஞ்சம் விரிவதைச் சொல்லும் ஹபிள் விதியை ஹபிள்–லெமாத்ர் விதி என்று அழைக்கலாமா என்பதை மின்னணு வாக்கெடுப்புக்கு விட்டீர்கள், 4,060 பேர் வாக்களித்தார்கள். அந்த ஏற்பாடு இப்போதும் உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தமிழில் வானியல் எழுதும் ஒருவன்