பிரிட்டன் அரசுக்கு: கிளாட்ஸ்டன் வீட்டாரே மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள், நீங்கள் எப்போது?

பிரிட்டன் அரசுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் காமன்வெல்த் மாநாட்டுக்காக சமோவா கிளம்பிய உங்கள் பிரதமர், அடிமை முறைக்கான இழப்பீடு பற்றி முடிவில்லாமல் பேசுவதைவிட இனி நடக்க வேண்டியதைப் பார்க்கலாம் என்றார். மன்னிப்பும் கிடையாது என்று உங்கள் தரப்பு சொல்லிவிட்டது. சரி, பார்க்கலாம். அதற்கு முன் ஒரு பாக்கி இருக்கிறது.

நான்கு முறை பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் தந்தை ஜானுக்குச் சொத்து வந்த வழியும் உங்கள் ஆவணங்களிலேயே இருக்கிறது. அடிமை முறை ஒழிந்தபோது தன் 2,508 அடிமைகளை இழந்ததற்காக அவருக்கு 1,06,769 பவுண்டு கொடுத்தீர்கள். அந்த 2,508 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்கு மேல், 'தொழில் பழகுநர்' என்று பெயரை மாற்றி 1838 வரை பழைய எஜமானர்களிடமே வேலை செய்ய வைத்தீர்கள். 1833 ஜூனில், 23 வயது வில்லியம் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியதும் அப்பாவின் தோட்ட நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்கித்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் கதை இனிமேல்தான் வருகிறது. கையைவிட்டுப் போகும் அடிமைகளுக்குப் பதில் ஆள் வேண்டுமென்று 1836-இல் ஜான் ஒரு கல்கத்தா கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். மலைவாசிகள் கிடைப்பார்கள், மனிதரைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், தின்பது குடிப்பது தூங்குவது தவிர வேறு தேவை இல்லாதவர்கள் என்று பதில் வந்தது. 1838 மே மாதம் இப்படித் திரட்டிய ஒப்பந்தக் கூலிகளோடு விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் தென் அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கயானாவை (இன்றைய கயானாவை) அடைந்தன. வந்தவர்களில் ஒரு பகுதியினர் கிளாட்ஸ்டனின் விரீட்-என்-ஹூப் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் அவர்களைக் கட்டிவைத்து அடித்து, புண்ணான முதுகில் உப்புத் தண்ணீரைத் தேய்த்தான். விசாரணையில் சாட்சிகள் சொன்னது இது. அவர்கள் சொல்வதை எடுத்துச் சொல்ல இருந்த ஒரே ஆளே அடிப்பவன் என்றால், முறையிட யாரிடம் போவது? கொஞ்ச காலம் நின்ற கப்பல்கள் 1845-இல் மறுபடி கிளம்பின, இந்த முறை மதராஸிலிருந்தும். அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்கள் கயானாவில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சத்தார் ஆறு பேர் கயானாவுக்கே போய், நேரில் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு வந்த துணிச்சல் ஒரு அரசாங்கத்துக்கு ஏன் வரவில்லை?

உங்கள் நிதியமைச்சகத்தின் சாதனையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜான் போன்ற அடிமை முதலாளிகளுக்கு இழப்பீடு கொடுப்பதற்காக வாங்கிய கடனை 2015-இல்தான் அடைத்து முடித்தீர்கள். 2018-இல் அதையே 'வியப்பூட்டும் தகவல்' என்று ட்விட்டரில் போட்டு, உங்கள் வரிப்பணம் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியது என்று மக்களுக்கு நன்றி சொல்லாத குறை! லண்டனில் பஸ் ஓட்டிய ஜமைக்காக்காரரும் அந்த வரியைக் கட்டியவர்தான். தன் பாட்டனை அடிமையாக வைத்திருந்தவனுக்குப் போன பணத்துக்கு அவரும் பங்கு கொடுத்திருக்கிறார். என்ன வியப்பு!

கோபத்தில் கேட்க வந்ததை விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு எவ்வளவு, யாருக்கு என்பதைக் கரீபிய நாடுகள் உங்களோடு பேசிக்கொள்ளட்டும். நான் கேட்பது மன்னிப்பு மட்டும். வருத்தம், வேதனை என்று சுற்றி வளைக்காமல், அடிமை முறைக்கும் அதற்கடுத்த ஒப்பந்தக் கூலி முறைக்கும் சேர்த்து, வில்லியம் பேசிய அதே மக்களவையில் பதிவாகும்படி கேளுங்கள். எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே கயானாவுக்குத் தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்