ஆயுசில் ஒரு வருஷம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பிள்ளைகள் வேஷம் போடுகிற ஹாலோவீன் பண்டிகைக்கு எலும்புக்கூடு வேஷம் வேண்டும் என்று சின்னவன் ஒரு வாரமாக அழுகிறான், ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அது பேய்ப் பண்டிகை என்று சொல்லிவிட்டார், என்னம்மா செய்ய என்றாய். ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். போட்டு விடு. தயங்காமல் போட்டு விடு.

போன வருஷம் நான் அங்கே இருந்தபோது, ஒரு மழை நாளில் அவன் என்னைச் சோபாவில் இழுத்து உட்காரவைத்து ஒரு கார்ட்டூன் படம் காட்டினானே, நினைவிருக்கிறதா? ‘த ஹாலோவீன் ட்ரீ’. டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் பிறகு தொடங்கிய ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1993-ல் எடுத்தது. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1972-ல் எழுதிய நாவலுக்கு அவரே திரைக்கதை எழுதி, கதை சொல்லும் குரலும் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்துக்கு 1994-ல் எம்மி என்கிற அமெரிக்க டிவி விருது கிடைத்தது. பாதி வசனம் எனக்குப் புரியவில்லை. நிறுத்தி நிறுத்தி அவன்தான் சொன்னான்.

வேஷம் போட்டுக்கொண்டு நாலு பிள்ளைகள் கிளம்புகிறார்கள். ஒருத்தி சூனியக்காரி, ஒருவன் எகிப்து மம்மி, ஒருவன் பூதம், ஒருவன் எலும்புக்கூடு. ஏன் இந்த வேஷம் என்று மவுண்ட்ஷ்ரவுட் என்கிற கிழவர் கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாமல் போடுவதுதான் தப்பு என்று எனக்கு அப்போதே பட்டது. கிழவர் அவர்களை எகிப்துக்கும், இங்கிலாந்தில் பழைய கல் வட்டம் இருக்கிற ஸ்டோன்ஹெஞ்சுக்கும், பாரிஸ் நோட்ர டாம் கோயிலுக்கும், கடைசியில் மெக்சிகோவுக்கும் கூட்டிப்போகிறார். போகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் செத்தவர்களை நினைத்து ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள், இல்லையென்றால் சாவுக்குப் பயந்து ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மெக்சிகோ வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கல்லறையில் மெழுகுவர்த்தி, பூ, குடும்பம் குடும்பமாக ஜனங்கள். நம்ம ஊர் கல்லறைத் திருநாள்தான்! தேதியும் அதே நவம்பர் 2. அங்கே கல்லறைக்கு வைப்பது நம்ம கேந்திப் பூ. அதன் பூர்வீகமே மெக்சிகோதான். நாம்தான் ஏதோ நம்ம பூ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சர்க்கரையில் மண்டை ஓடு செய்து நெற்றியில் பெயர் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் பயமில்லாமல் கடித்துத் தின்கிறார்கள்.

அந்த ஜெபக்கூட்டத்துக்காரரிடம் இதையும் சொல். ஹாலோவீன் என்ற பெயருக்கே சகல புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை என்றுதான் அர்த்தம். அதற்கும் முன்னால் அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நாளாக அதைக் கொண்டாடினார்கள். செத்தவர்கள் அன்றைக்குத் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு கையில் கிடைத்தது பூசணிக்காய், குடையவும் லேசு. இதில் பேய் எங்கே வந்தது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்த நாலு பேருக்கும் பிப் என்று ஒரு கூட்டாளி. பண்டிகை ராத்திரியிலேயே அவனைக் குடல்வால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விடுகிறார்கள். அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பயணம் முழுக்க. கடைசியில் கிழவர் விலை கேட்கிறார். நாலு பேரும் தங்கள் ஆயுசின் கடைசியிலிருந்து ஆளுக்கு ஒரு வருஷத்தைக் கொடுத்து அவனை மீட்கிறார்கள். கொஞ்சமும் யோசிக்காமல் கொடுக்கிறார்கள்.

நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு ஒன்பது வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்த ராத்திரி, தியேட்டர் வாசல் பெஞ்சில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, ‘பனிமய மாதாவே, என் ஆயுசையும் சேர்த்து இவளுக்கு வாங்கிக் கொடு தாயே’ என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நம்ம பக்கத்தில் எல்லாத் தாயும் சொல்கிற வார்த்தைதான். உன் ஆச்சி எனக்காகச் சொன்னாள். எங்கேயோ அமெரிக்காவில் ஒருவர் அதையே கதையாக எழுதி வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிப்பைச் சாவு கூட்டிப்போகிற காட்சியில் சின்னவன் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். ‘செத்தவங்க எங்க போவாங்க?’ என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மறைக்காதே. படத்தை இன்னொரு தடவை போட்டு நீயும் மாப்பிள்ளையும் கூட உட்காருங்கள். அப்புறம் வேஷம் கட்டிவிடும்போது ஆச்சியைப் பற்றிச் சொல், அவள் போட்டிருந்த பாம்படத்தைப் பற்றிச் சொல்.

கல்லறைத் தோட்டத்தில் ஆச்சி பக்கம் புல் மண்டிக் கிடக்கிறது. அடுத்த வாரம் ஆள் வைத்துச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கப் போகிறேன். நவம்பர் 2 சாயங்காலம் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகு வீடியோவில் கூப்பிடுகிறேன். உங்களுக்கு அப்போது விடிகாலையாக இருக்கும். பரவாயில்லை, அவனை எழுப்பிவிடு. எலும்புக்கூடு சட்டையைப் போட்டுக்கொண்டே வரட்டும், ஆச்சிக்குக் காட்டலாம்.

முத்தங்களுடன்,
அம்மா