முருகேசனுக்கு, குரோம்பேட்டையிலிருந்து

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? அப்பா முட்டிவலி என்று ரெண்டு மாதமாக வாசலையே தாண்டுவதில்லை, பாளை மார்க்கெட்டுக்குக்கூடப் போவதில்லை என்று உன் மகள் போனில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை, அதான் எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் கிடந்தேன். 65 முடிந்ததும் லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது. நம் வயதுக்கு 5 வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள், டாக்டர் சான்றிதழும் வேண்டும். அலைந்து வாங்கியிருக்கலாம், ஆனால் ராத்திரியில் எதிரே வருகிற விளக்கு கண்ணைக் கூச ஆரம்பித்ததிலிருந்து எனக்கே பயம் வந்துவிட்டது. ஸ்கூட்டரை மச்சினன் மகனிடம் கொடுத்தேன். அப்புறம் நாலு மாதம் எங்கேயும் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட எப்படிப் போவது என்றுதான் முதலில் தோன்றும்.

பஸ் இருக்கிறதே என்பாய். பழைய பஸ்ஸில் அந்த முதல் படிதான் எனக்கு எமன். கம்பியைப் பிடித்து வலது காலைத் தூக்கி வைத்துவிடுவேன், உடம்பு மேலே வராது. பின்னால் நிற்கிறவர்களுக்கு ஆபீஸ் அவசரம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. போன ஐப்பசி மழையில் இறங்கும்போது வழுக்கி முழங்கை சிராய்த்ததும் சரி, இனி வேண்டாம் என்று விட்டேன்.

இங்கே 2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. ஒருநாள் அது நிறுத்தத்தில் வந்து நின்று, புஸ்ஸென்று காற்றை விட்டு, ஏறுகிற பக்கமாக மெல்லச் சாய்ந்தது பார், கோயில் யானை பாகன் ஏறக் காலை மடக்கிக் கொடுக்குமே, அந்த மாதிரி. படியே இல்லை முருகேசா, காலை எடுத்து உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள், நல்ல உதவிதான், என்னிடமும் இருக்கிறது. ஆனாலும் காசு மிச்சமாவதைவிட ஏற முடிவதுதான் எனக்குப் பெரிசு. ஏற முடியாத வண்டியில் இலவசம் கிடைத்து என்ன செய்வது? எல்லா ஊருக்கும், நம் திருநெல்வேலிக்கும் இந்த வண்டி வரவேண்டும்.

இப்போது வாரம் ஒருநாள் கூட்டம் குறைந்த பதினொரு மணி வாக்கில் மின்சார ரயில் பிடித்து எழும்பூர் போய் கன்னிமாரா நூலகத்தில் உட்காருகிறேன். ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் நடுவில் ஒருதடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நீ முதலில் டாக்டரிடம் முட்டியைக் காட்டு. அப்புறம் தெருமுனை டீக்கடை வரைக்குமாவது தினமும் போ, கைத்தடி வைத்துக்கொள்ள வெட்கப்படாதே. தை மாதம் கட்டாயம் இங்கே வா. நெல்லை எக்ஸ்பிரஸ் போதும். நமக்கு இருந்த 40 சதவீதக் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை, அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு. ஆனால் 60 வயதானவர்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டிக்கெட் போடும்போதே மூத்த குடிமக்கள் கோட்டாவில் போடச் சொல், மேலே ஏறுகிற கஷ்டம் இருக்காது.

எழும்பூர் வரை போகாதே, தாம்பரத்திலேயே இறங்கிவிடு. பெட்டி நம்பரை மட்டும் முன்னாடியே அனுப்பு, அந்தப் பெட்டி நிற்கிற இடத்திலேயே நான் நிற்பேன்.

அன்புடன்,
ராமநாதன்