கல்லறை இல்லாதவர்களிடம் ஒரு கேள்வி

ஊட்டி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

இங்கே வந்ததிலிருந்து எனக்கு இறந்தவர்களோடுதான் பேச்சு. செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கலெக்டர் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். எழுத்தெல்லாம் பாசி. துண்டால் துடைத்துவிட்டு, “தாயே, 1819இல் உங்கள் வீட்டுக்காரர் ஏறி வந்தபோது இங்கே மனுஷரே இல்லையா?” என்று வாய்விட்டே கேட்டேன்.

சல்லிவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நிலம் இங்கே எருமை மேய்த்து வாழ்ந்த மலைமக்களான தோடர்களுடையது என்று கிழக்கிந்தியக் கம்பெனியோடு வாதாடியவர். ஆனால் அவர்தான் மலையைக் கண்டுபிடித்தார் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை. 1603இலேயே ஃபினிசியோ பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து வந்து தோடர்களோடு பேசிவிட்டுப் போயிருக்கிறார். படகர்கள் தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்தார்கள்.

அதற்கும் முந்தியது 1117ஆம் ஆண்டின் சாமராஜநகர் கல்வெட்டு. ஹொய்சள விஷ்ணுவர்த்தனின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்சவைத்து நீலமலைக்குள் புகுந்தான் என்கிறது. யோசித்துப் பார். அன்றைக்கும் சரி, 1819இலும் சரி, எழுதி வைத்தவன் கீழேயிருந்து ஏறி வந்தவன். மேலே எருமையோடு நின்றவன் கண்ணுக்கு என்ன தெரிந்தது? அஞ்சினார்கள் என்று ஜெயித்தவன் சொன்னால் நாம் அப்படியே நம்பிவிடுவதா?

தேவாலயத்துக்குள் அண்ணாந்து பார்த்தால் திப்புவின் லால் மஹாலைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். யாருடைய அரண்மனை என்று எழுதியிருக்கிறார்கள், இவ்வளவு உயரம் சுமந்து வந்தவர்கள் யார் என்று எழுதவில்லை. நடுவட்டத்தில் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்டத்தில் உழைத்த சீனக் கைதிகள் கதையும் இதேதான்.

இறந்துபோன தோடர்களிடமே கேட்கலாமென்றால் பெயர் வெட்டிய கல் கிடையாது, அவர்கள் எரிப்பவர்கள். இறந்தவர்கள் மேற்கே, முக்குர்த்திச் சிகரத்தின் பக்கம் போய்ச் சேர்வதாக நம்பிக்கை. நேற்று அந்தத் திசை பார்த்து, “அன்றைக்கு என்னய்யா நடந்தது?” என்றேன். காற்றுதான் அடித்தது. ஆனாலும் கேட்காமல் இறங்க முடியவில்லை.

கண் சரியானதும் கிளம்பி வா. தோடர்களின் குடியிருப்பான மந்துக்குப் போய்ப் பெரியவர்களைப் பார்ப்போம். அவர்கள் பாட்டு கட்டுகிறவர்கள். எந்தப் பாட்டிலாவது புணிசன் வருகிறானா, வந்தால் யார் அஞ்சினார்கள் என்று இருக்கிறது, கேட்டு எழுதிக்கொள்வோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஸ்வெட்டர் மறக்காதே.

உன் பழைய நண்பன்