பையை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்

பாளையங்கோட்டை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சாரல் பிடித்துவிட்டது, மாலையானால் தென்காசிப் பக்கத்துக் காற்று இங்கு வரைக்கும் குளிர்ந்து வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் சிங்கப்பூரிலிருந்து பாலித் தீவுக்குப் போவதாகவும், குட்டா கடற்கரையில் மாப்பிள்ளை சர்ஃபிங் என்கிற அலைச்சறுக்குப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருப்பதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "நான் கரையில் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் அம்மா" என்றாய். அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அது என்னுடைய பேச்சு. திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் மணப்பாட்டிலும் எல்லோருடைய செருப்பையும் துண்டையும் காத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தவள் நான். கூடவே உன்னையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தவளும் நான்தான்.

சிறு பிள்ளையாக இருந்தபோது நீ தண்ணீருக்குப் பயந்தவள் அல்ல. திருச்செந்தூரில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உன் மார்பளவுத் தண்ணீரில் நிற்பாய். அலை வரும்போது "முருகா" என்று மூழ்கி எழுவாய். கடலை விட்டு நன்னீர் ஊறும் நாழிக்கிணற்றுக்கு உன்னை அழைத்துப் போக நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. உனக்கு அப்போது ஒன்பது வயது. கன்னியாகுமரிக் கரையிலிருந்து வந்த செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே, இனி என் பிள்ளையின் கணுக்காலுக்கு மேல் கடல் நனையக் கூடாது என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவு அன்றைக்குச் சரி. அதை இருபது வருடம் இழுத்துக்கொண்டு வந்ததுதான் தவறு. உன்னிடம் அதைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பிப்ரவரியில் சித்தி வீட்டாருடன் இலங்கைக்குப் போய்வந்ததைப் பற்றிக் கேட்டபோது, கடலில் குளித்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். உண்மையில் அங்கே தென்கரையிலுள்ள வெலிகமவில் இரண்டு நாள் காலையில் நான் அலைச்சறுக்குப் பயிற்சி எடுத்தேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்போது முழுவதையும் சொல்கிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கே கோட்டை ரயில் நிலையத்தில் மாத்தறைக்குப் போகும் வண்டியில் ஏறினால், பல இடங்களில் கடலை ஒட்டியே தண்டவாளம் போகிறது. அந்த வழியில்தான் வெலிகம வருகிறது. வெலிகம என்றால் சிங்களத்தில் மணல் ஊர் என்று பொருள். பெயருக்கேற்ப அந்த வளைகுடாவின் அடித்தரை முழுவதும் மணல். அதனால்தான் புதிதாகக் கற்க வருகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள். வளைகுடாவுக்குள் ஒரே ஒரு வீடு கட்டிய சிறு பாறைத் தீவு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தப்ரபேன் என்று கேட்டவுடன் எனக்குச் சிலிர்த்துவிட்டது. கிரேக்கர்கள் இலங்கைக்கே வைத்த பெயர் அது. தம்பபண்ணி என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. தம்பபண்ணிதான் வடமொழியில் தாம்ரபர்ணி. நம் ஆற்றின் பெயரைத் தாங்கிய தீவில், நம் ஆற்றில் நீந்தக் கற்றவள் கரையில் உட்கார்ந்து பை காத்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாளும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஒரு ஒழுங்கு பிடிபட்டது. அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரிய அலைகள் சில சேர்ந்து வருகின்றன, பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்குகிறது, மறுபடியும் சேர்ந்து வருகின்றன. அவை அந்தக் கரையின் காற்றில் எழுந்தவை அல்ல என்றும், தென்கோடிக் கடலில் அடிக்கும் புயல்கள் எழுப்பிப் பல நாள் பயணம் செய்து வருபவை என்றும் பிறகு பயிற்சியாளர் சொன்னார். ஓர் அலை, தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும், அடிப்பாகம் தரையின் தடையால் வேகம் குறைந்து, மேல்பாகம் முந்திக்கொண்டு கவிழ்ந்து நுரையாகிறது. கற்றுக்கொள்ளுகிறவர்களுக்கு அந்த நுரைதான் களம். உடையாத பச்சை அலைக்குப் போவதெல்லாம் வெகுநாள் கழித்து.

மூன்றாம் நாள் காலை நானே போய்க் கேட்டேன். முதலில் போன இடத்தில், என் வயதையும் உடம்பையும் பார்க்காமல், குட்டையான கெட்டிப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்து "போய் வாருங்கள்" என்றார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அடுத்த இடத்தில் இருந்த இளைஞர், எனக்கு நீச்சல் தெரியுமா, மூட்டுவலி உண்டா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். கேள்வி கேட்கிறவரிடம்தான் கற்க வேண்டும் என்று அங்கேயே நின்றுவிட்டேன். என்னை அம்மா என்றுதான் அழைத்தார். சிங்களத்திலும் தாய் அம்மாதான், மூத்த சகோதரி அக்காதான். கொழும்பில் வேலை பார்த்தபோது பழகிய கொஞ்சம் தமிழும் அவரிடம் இருந்தது. உடைக்காகவும் நீ தயங்க வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை வரும் கால்சட்டையும் போட்டுக்கொண்டேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் அரைமணி நேரம் மணலில்தான் பாடம். பலகை ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்ற நுரைத் தோல், அடியில் வால்பக்கம் சிறு துடுப்புகள். அதன்மேல் குப்புறப் படுத்து, கால்விரல்கள் வால் நுனியைத் தொட, நெஞ்சை உயர்த்தி, இரு கைகளாலும் தண்ணீரைத் தள்ளுவதுபோல் மணலைத் தள்ளச் சொன்னார். அப்படிப் படுத்த கணத்தில் எனக்குப் பாளையங்கால்வாய் நினைவுக்கு வந்தது. ஏழு வயதில் பெரிய மாமா என்னை வாழைமரத் துண்டின்மேல் இதேபோலத்தான் குப்புறப் படுக்கவைத்துப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். ஆச்சி படித்துறையில் நின்று "தண்ணியில வெளாட்டு வேண்டாம்ட்டீ" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வருடம் கழித்தும் வயிற்றுக்கு அந்த மிதப்பு மறக்கவில்லை.

எந்தக் கால் முன்னால் வரும் என்று பார்க்க, அவர் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து என்னை லேசாகத் தள்ளினார். நான் வலது காலை எடுத்துவைத்தேன். பெரும்பாலோருக்கு இடது கால் முன்னால் வருமாம், அதை ரெகுலர் என்கிறார்கள். வலது கால் வந்தால் கூஃபி. புகுந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்துப் பழகிய எனக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. பலகையோடு நம்மைப் பிணைக்கும் கயிற்றைப் பின்னால் நிற்கும் காலில்தான் கட்ட வேண்டும். பிறகு எழுகிற முறை: விலாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, முழங்காலிடாமல் ஒரே வீச்சில் இரண்டு பாதங்களையும் பலகையின் நடுக்கோட்டில் கொண்டுவந்து, முழங்கால் மடங்க நிற்பது. மணலில் பதினைந்து முறை செய்தேன். தொடை நடுங்கியது.

தண்ணீரில் இறங்கியதும் பட்ட அடியையும் மறைக்கவில்லை. இடுப்பளவில் நடந்து போகும்போது, பலகையை எனக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காகப் பிடித்துவிட்டேன். முழங்கால் உயர நுரைதான்; ஆனால் ஒன்பது அடிப் பலகையைத் தூக்கி என் விலாவில் அறைந்தது. மூச்சு நின்றுபோனது. ஒரு வாரம் நீலம் பாரித்திருந்தது. பலகை எப்போதும் நம் பக்கவாட்டில், மூக்கு கடலை நோக்கி இருக்க வேண்டும் என்று அவர் மணலிலேயே சொல்லியிருந்தார். காதில் வாங்கினேன், கையில் வாங்கவில்லை. நீ இதை இப்போதே மனத்தில் எழுதிக்கொள். விழும்போது தலைகுப்புறப் பாயாதே, தட்டையாக விழு. எழும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழு, ஏனென்றால் பலகை எங்கே மிதக்கிறது என்று உனக்குத் தெரியாது. கடலுக்கு முதுகைக் காட்டாதே.

முதல் நாள் பதினோரு தடவை விழுந்தேன். நிற்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்தவுடன் என் கண் என் பாதத்துக்குப் போனது. கண் போன வழியே தலை போனது, தலை போன வழியே உடம்பு போனது. "அம்மா, கால் பாக்க வேணாம், தென்னமரம் பாருங்க" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் நான்காவது முயற்சியில், பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட்டதும் தென்னைமரத்தைப் பார்த்தேன். கை ஊன்றியதும் கால் வந்ததும் எனக்கு நினைவில்லை. பலகைக்கு அடியில், தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம் நீளமாக வந்துகொண்டிருந்தது. பலகையின் மூக்கு நுரையைப் பிளந்து போனது. மணல் நெருங்கி வந்தது. சித்தி கையைத் தட்டுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு முழங்காலளவுத் தண்ணீரில் நானாகவே இறங்கி நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று இன்னும் இரண்டு முறை நின்றேன்.

2004-இல் அந்த வளைகுடாவையும் சுனாமி தாக்கியது. அங்கே பலகை பிடித்து நிற்கிற இளைஞர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் கடலைக் கவனித்துப் பார்க்கக் கற்றிருக்கிறார்கள். நான் உனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதும் அந்தக் கவனத்தைத்தான். ஆகவே குட்டாவில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இருபது நிமிடம் கடலைப் பார். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கலங்கலாக, நுரை கடலை நோக்கிப் போவதுபோல் தெரிந்தால், அமைதியாக இருக்கிறதென்று அங்கே இறங்கிவிடாதே. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதே. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகு. குறுக்குத்துறையில் வெள்ளம் ஓடும்போது ஆற்றைச் சாய்வாகக் கடப்போமே, அதே யுக்திதான். சிவப்புக் கொடி நட்டிருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

குட்டாவிலும் லெகியானிலும் அடித்தரை மணல்; உலுவாட்டுப் பக்கம் பவளப் பாறை, அது தேர்ந்தவர்களுக்கு உரிய இடம், மாப்பிள்ளை ஆசைப்பட்டாலும் விடாதே. நீங்கள் போகும் மாதத்தில் தென்கிழக்குக் காற்று அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் அலைகள் ஒழுங்காக இருக்கும். காலை நேரத்தைக் கேட்டு வாங்கு. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று விசாரி. இரண்டு பேருக்கு மேல் என்றால் வேறிடம் பார். உனக்கு நீச்சல் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடு, வெட்கப்படாதே. இடுப்பளவுக்கு மேல் அழைத்துப் போகாதவராக இருக்க வேண்டும். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பொது நீச்சல்குளம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். நாளைக்கே சேர்ந்து, மிதக்கவும் தண்ணீருக்குள் மூச்சை அடக்கவுமாவது பழகு.

பையைப் பற்றிக் கவலைப்படாதே. கடவுச்சீட்டையும் நகையையும் விடுதி அறையில் பூட்டிவிட்டு, துண்டும் தண்ணீர் போத்தலும் கொஞ்சம் சில்லறையும் மட்டும் எடுத்துப் போ. பயிற்சி தருகிற இடத்தில் பொருள் வைக்கப் பெட்டி உண்டா என்று மாப்பிள்ளையிடம் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல். இல்லாவிட்டால் அந்தத் துண்டு போனால் போகட்டும்.

அத்தை மகன் வருகிற வியாழக்கிழமை சிங்கப்பூருக்குத் திரும்புகிறான். என்னுடைய நீல நிற நீச்சல் சட்டையைத் துவைத்து, அல்வாப் பொட்டலத்துடன் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கை உனக்குச் சற்று நீளமாக இருக்கும். ஒரு மடிப்பு மடித்துத் தைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா